மாத்துப்பந்து

தன் கணவன் ஒரு நாட்டுக்காகக் கிரிக்கெட் ஆடுகிறான் என்பது யுவராணிக்கு ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. ராஜபாளையத்தைத் தாண்டி இருக்கும் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவள் பேக்கிங் சூப்பர்வைசர். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாரிக்கனி போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"யக்கா, இங்க பாருங்க. இந்த ஆளு அண்ணன் மாதிரியே இல்ல?"

யுவராணி எட்டிப் பார்த்தாள். பச்சைச் சட்டை போட்ட ஒருவன் நாலு எட்டு நடந்து, ரெண்டு எட்டு ஓடிப் பந்தைப் போட்டான். எதிரில் இருந்தவனின் நடு ஸ்டம்ப் சாய்ந்தது. போட்டவன் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு கேமராவுக்கு முதுகைக் காட்டி ஓடினான். முதுகில் நாற்பத்தொன்று என்ற எண். அதற்கு மேலே ஆங்கிலத்தில் லிங்கேஸ்வரன்.

அவள் அதை மூன்று தடவை பார்த்தாள்.  வளைகுடாவில் கம்பெனி குடோனில் ஸ்டோர்கீப்பர், காலையில் ஆறு மணி டூட்டி, வெள்ளிக்கிழமை துணி துவைக்கிற நாள் என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதன் அங்கே ஸ்டேடியத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

சோற்றுக் கையைக்கூடக் கழுவாமல் அவனைக் கூப்பிட்டாள்.

"நீங்க அங்க என்ன வேல பாக்கீய?"

"ஏட்டி, என்ன திடீர்னு? ஸ்டோர்ல தான்."

"நாப்பத்தொண்ணு யாரு?"

 "யுவா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராத" என்றான்.

அடுத்து அவள் கூப்பிட்டது என்னை. "அண்ணே, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். தெரியும், ஒரு வருஷமாகத் தெரியும் என்றேன். போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இருபது நாள் என்னிடம் பேசவில்லை.

என் பெயர் சூர்யபிரகாஷ். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கான்சாபுரத்தில் லிங்கேஸ்வரன் வீட்டுக்கு மூன்றாவது வீடு எங்களுடையது. அவன் பந்து போட ஆரம்பித்த நாளிலிருந்து ஊரை விட்டுப் போகும்வரை அவனுக்கு விக்கெட் கீப்பராக நின்றவன் நான். அதனால் இந்தக் கதையில் நடந்த நல்லதிலும் கெட்டதிலும் எனக்குப் பங்கு உண்டு.

லிங்கத்தின் அப்பா வேல்சாமி மாமா இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், மிலிட்டரிக்காரர் என்பார்கள். மகனும் ராணுவத்துக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் முடிவு. பத்தொன்பது வயதில் லிங்கத்தைத் திருநெல்வேலியில் நடந்த ஆள்சேர்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓட்டத்தில் நாலாவதாக வந்தான். கம்பியில் பதினாலு தடவை ஏறினான். மெடிக்கலில் டாக்டர் ரெண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். வலது கை முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒதுங்கி நின்றது. ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "கேரியிங் ஆங்கிள் அதிகம்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிறந்ததிலிருந்து அந்தக் கை அப்படித்தான். நேராகத் தொங்கவிட்டால்கூட மடக்கி வைத்திருப்பதுபோலத் தெரியும். பெற்ற தகப்பனே பத்தொன்பது வருஷம் அதைக் கவனித்ததில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது மகனின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

ராணுவம் வேண்டாம் என்ற கைதான் கிரிக்கெட்டில் அவனைத் தனியாகக் காட்டியது. லிங்கம் ஆப் ஸ்பின் போடுவான். வலது கை ஆட்டக்காரனுக்கு வெளியே விழுந்து உள்ளே திரும்புகிற பந்து. அதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை, வத்திராயிருப்புப் பக்கம் ஊருக்கு ரெண்டு பேர் அதைப் போடுவார்கள். இவனிடம் இன்னொன்று இருந்தது. அதே ஓட்டம், அதே விரல், ஆனால் பந்து உள்ளே வராமல் வெளியே போகும். நாங்கள் அதற்கு மாத்துப்பந்து என்று பெயர் வைத்தோம். கண்மாய் வற்றிய கோடையில் அந்தத் தரையில் அவன் போட்ட மாத்துப்பந்தை எங்கள் பக்கத்தில் ஒருவனும் ஒழுங்காகத் தொட்டதில்லை.

"எறியுதான்" என்று அப்போதே சொன்னார்கள். கிரிக்கெட்டில் பந்தைப் போடும்போது மடங்கியிருக்கிற கையை நிமிர்த்தி வீசினால் அது எறிதல், செல்லாது. யார் கேட்டாலும் நான் லிங்கத்தின் கையைப் பிடித்து நீட்டிக் காட்டுவேன். "பாரு, பொறப்பே இப்படி. ராணுவ டாக்டரே எழுதிக் குடுத்துருக்காரு." கேட்டவன் வாயை மூடிக்கொள்வான். ராஜபாளையத்தில் ஒரு பைனலில் முத்துராமலிங்கம் என்ற ஆட்டக்காரன் அவுட் ஆனதும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, இது எறிபந்து, போக மாட்டேன் என்று நின்றான். நான் அவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினேன். அம்பயர் அவனைத்தான் எச்சரித்து அனுப்பினார்.

அந்தப் பைனல் நடந்த ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் லிங்கத்துக்குப் போலீஸ் எழுத்துத் தேர்வு இருந்தது. தேர்வு எழுதிவிட்டு வந்ததாக வீட்டில் சொல்லிவிட்டான். மூன்றாம் நாள் உர மூட்டை வாங்க வத்திராயிருப்புக்குப் போன மாமாவை ஒருவர் நிறுத்தி, "ஒங்க மகன் ஞாயித்துக்கெழம அஞ்சு விக்கெட்டாமே!" என்று கையைக் குலுக்கியிருக்கிறார்.

மாமா அடிக்கவில்லை, திட்டவில்லை. மறுநாள் காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கத்தில் அதே பெயரில் இருக்கும் சின்னத் திருவண்ணாமலை ஏறினார். மலை மேல் பெருமாள் சன்னதியில் நிறுத்தி, "இனிமே பந்தத் தொட மாட்டேன்னு சொல்லு" என்றார். லிங்கம் சொன்னான். அதற்குப் பிறகு நாலு வருஷம் அவன் பந்தைத் தொடவில்லை. அது எனக்கு உறுதியாகத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து யுவராணியைக் கட்டினான். ஒரு மில்லில் சரக்கு ஏற்றி இறக்கும் கணக்கைப் பார்த்தான். பிறகு வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டில் வேலை கிடைத்துப் போனான்.

அங்கே போன ஆறாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அவனுடைய கம்பெனி ஆட்கள் ஆடும் அணியில் ஒருவனுக்குக் காய்ச்சல். பதினொரு பேர் வேண்டும் என்பதற்காக இவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். "சும்மா நிக்கத்தான் போனேன், பந்து என்கிட்ட உருண்டு வந்துச்சு, எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான் மாப்ளே, தொட்டாச்சு" என்று என்னிடம் சொன்னான். அடுத்த வாரம் ஓவர் போட்டான். அதற்கடுத்த வருஷம் அந்த ஊர் லீக்கில் அதிக விக்கெட் அவனுடையது. அங்கே ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மைப்போல வேலைக்குப் போனவர்கள்தான். மூன்று வருஷம் குடியிருந்தால் அந்த நாட்டு அணியிலேயே ஆடலாம் என்பது விதி. மூன்று வருஷம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தன் முதல் சர்வதேச ஆட்டத்தில் லிங்கம் ரெண்டு விக்கெட் எடுத்தான். பார்க்க வந்தது இருநூறு பேர் இருப்பார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல குடோன் ஷட்டரைத் தூக்கினான். இதையெல்லாம் எனக்கு மட்டும் சொன்னான். யுவராணி கம்பெனியில் அந்த வீடியோவைப் பார்க்கும்வரை எங்கள் ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

யுவராணி மாமனாரிடம் மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே கான்சாபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டாள். மாமா மோட்டார் போடப் போய்விட்டாராம். ரெண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்தார்.

"ஏலே சூரியா, அதக் காட்டு."

கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ரெண்டு அணியும் வரிசையாக நின்றன. அந்த நாட்டுத் தேசிய கீதம் ஒலித்தது. லிங்கம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றான். மாமாவின் முகம் மாறிவிட்டது. அந்தத் திகைப்பை நான் அவரிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இது எந்த நாட்டுப் பாட்டுலே?"

சொன்னேன்.

"அதுக்கு இவன் எதுக்கு நெஞ்சுல கைய வைக்கான்? பாஸ்போட்ட மாத்திட்டானா?"

"இல்ல மாமா. நம்ம பாஸ்போட்டுதான். அங்க குடியிருந்தாலே ஆடலாம்."

"அப்படி ஒரு சட்டம் இருக்கா?"

"இருக்கு மாமா."

அவர் பந்து போடுகிற இடம்வரை பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டார். பெருமாள் முன்னால் கொடுத்த சத்தியம் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. லிங்கம் போன் செய்தால் எடுப்பார். மழையைப் பற்றியும் தென்னைக்கு வந்த வெள்ளை ஈயைப் பற்றியும் பேசுவார். கிரிக்கெட் என்ற சொல் அவர் வாயில் வராது.

ஊர் அப்படி இருக்கவில்லை. கான்சாபுரம் பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் வைத்தார்கள். 'சர்வதேசச் சுழல் சூறாவளியே' என்று போட்டு, பக்கத்தில் அவன் கல்யாணத்தில் எடுத்த படம். அந்த வருஷம் ஒரு ஆட்டத்தில் நாலு விக்கெட் எடுத்தான், அதில் மூன்று மாத்துப்பந்தில். பதினேழு ஆட்டத்தில் இருபத்துநாலு விக்கெட். சின்ன நாடுகளுக்குள் நடக்கிற ஆட்டம்தான் என்றாலும் அவன் பெயர் தர வரிசையில் வந்தது. என் கடையில் அதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி வைத்தேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"மாப்ளே, ரிப்போர்ட் பண்ணிட்டாங்க."

"என்னன்னு?"

"எறியுதேன்னு. நேத்து மேட்ச் அம்பயர் ரெண்டு பேரும் எழுதிட்டாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள டெஸ்ட்."

நான் சிரித்தேன். இன்று நினைத்தாலும் அந்தச் சிரிப்பு எனக்குக் கூசுகிறது. "ஒன் கை அப்படித்தாம்லே. போயி நீட்டிக் காட்டு. அளந்து பாத்துட்டு விட்டுருவாங்க" என்றேன்.

"அதான் மாப்ளே. நான் எறியல. எனக்குத் தெரியாதா?"

சோதனை சென்னையில். இந்தத் தடவை அவன் அப்பாவிடம் மறைக்கவில்லை, அவனே கூப்பிட்டுச் சொன்னான். மாமா முழுதும் கேட்டுவிட்டு ரெண்டே வார்த்தைதான் சொன்னாராம்: "நானும் வாரேன்." என்னையும் வரச் சொன்னார்.

அது ஒரு மருத்துவக் கல்லூரிக்குள் இருந்த ஆய்வுக்கூடம். நீளமான ஹால். கதவைத் திறந்துவிட்டு வராந்தாவிலிருந்து ஓடி வரலாம். உள்ளே பிட்ச் அளவுக்கு விரிப்பு, கடைசியில் வலை. சுவரிலும் கூரையிலும் பன்னிரண்டு கேமரா. லிங்கத்தைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று உடம்பெங்கும் பளபளக்கும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டினார்கள். மாமா சுவர் ஓரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் பந்து போடுவதை அவர் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். எதிரில் ஆட்டக்காரன் இல்லை. கைதட்ட ஆள் இல்லை. வெற்று உடம்போடு ஒருவன் ஓடி வருவதும் வலையில் பந்து விழுவதும் மட்டும்தான்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் பானுப்பிரியா என்ற பெண். முதலில் கையை நீட்டச் சொல்லி அளந்தார். "கேரியிங் ஆங்கிள் நல்லாவே இருக்கு. அதனால மடக்கின மாதிரி தெரியும். அதை நாங்க தப்புன்னு எடுத்துக்க மாட்டோம்" என்றார். நான் லிங்கத்தைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

வழக்கமான பந்து பதினெட்டு. மாத்துப்பந்து பன்னிரண்டு. ஆட்டத்தில் போடுகிற வேகம்தான் இருக்க வேண்டும், குறைத்துப் போட்டால் பழைய வீடியோவை வைத்துக் கண்டுபிடித்துவிடுவோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். லிங்கம் ஒளிக்கவில்லை. முழு வேகத்தில் போட்டான். பத்தாவது மாத்துப்பந்து வலைக்கு முன்னால் அப்படியே வெளியே வெட்டித் திரும்பியதைப் பார்த்து அங்கிருந்த உதவியாளர்கூட "அடேயப்பா" என்றார்.

முடிந்ததும் லிங்கம் கேட்டான்: "மேடம், நான் பாக்கலாமா?"

"ரிப்போர்ட் உங்க போர்டுக்கு மெயில்ல போகும். நம்பர் எதுவும் இப்ப சொல்ல முடியாது. வீடியோ வேணா ஒண்ணு காட்டறேன்" என்றார் அவர்.

திரையில் முதலில் வழக்கமான பந்து. ஒரு நொடியில் நடப்பதை ஒரு நிமிஷமாக இழுத்துக் காட்டியது கம்ப்யூட்டர். கை பின்னாலிருந்து மேலே வந்தது. முழங்கையில் லேசான வளைவு. அதே வளைவோடு தலைக்கு மேல் போய், அதே வளைவோடு பந்தை விட்டது. "பாருங்க மேடம், சொன்னேன்ல" என்றான் லிங்கம்.

அடுத்தது மாத்துப்பந்து. கை பின்னாலிருந்து மேலே வந்தது. தோள் உயரத்துக்கு வந்தபோது முழங்கை மடங்கியிருந்தது, நன்றாகவே மடங்கியிருந்தது. தோளைத் தாண்டியதும் அது நிமிர ஆரம்பித்தது. மெதுவாக, ஒரு கதவு திறப்பதுபோல, பந்து விரலை விட்டுப் போகும்வரை நிமிர்ந்துகொண்டே போனது. அதைப் பார்க்க யாருக்கும் படிப்பு தேவையில்லை. மாங்காய்க்குக் கல் எறிகிறவனின் கை அது.

 "இன்னொரு தடவ போடுங்க" என்றான் லிங்கம். போட்டார். "இன்னொரு தடவ." போட்டார். நாலாவது தடவை அவன் கேட்கவில்லை. உடம்பில் ஒட்டியிருந்த உருண்டைகளோடு தன் வலது கையைத் தூக்கி, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது" என்றான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "சத்தியமா எனக்குத் தெரியாது. நேராத்தான் வருதுன்னு நெனச்சேன்."

பானுப்பிரியா, "நெறைய பேருக்குத் தெரியாதுங்க. கை போற வேகத்துல உடம்புக்கே தெரியாது" என்றார்.

மாமா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எறியுதியேலே" என்றார். கோபமே இல்லை. அவருக்கே நம்ப முடியாத குரலில்தான் சொன்னார். "கிரனேடையே நாங்க கைய மடக்காமத்தாண்டா வீசுவோம்."

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்துவிட்டேன். லிங்கத்துக்குத் தன் கையைப் பார்க்க வழியில்லை. ஆனால் ஸ்டம்புக்குப் பின்னால் குத்தவைத்து, அந்தக் கை எனக்கு நேராக வருவதை வருஷக்கணக்கில் பார்த்தவன் நான். நான் எதைப் பார்த்தேன்? பிறப்பிலேயே கோணல் என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. ராஜபாளையத்தில் நான் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிய முத்துராமலிங்கம் இருபத்திரண்டு கெஜத்துக்கு அப்பால் நின்று, ஒரே பந்தில் கண்டுபிடித்திருக்கிறான்.

பொதிகை ரயிலில் மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். லிங்கம் திரும்பிப் போக ஐந்து நாள் இருந்தது. நாலாம் நாள் அவனுடைய போர்டிலிருந்து மெயில் வந்தது. பதினைந்து டிகிரி வரை கை நிமிரலாம். வழக்கமான பந்துக்கு ஒன்பது. மாத்துப்பந்துக்கு இருபத்தாறு. வழக்கமான பந்தைத் தொடர்ந்து போடலாம், மாத்துப்பந்தைப் போடக் கூடாது என்று எழுதியிருந்தது. யுவராணி என் கடைக்கு வந்து அதைத் தமிழில் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அப்ப இம்புட்டு நாளும் எடுத்ததெல்லாம்?" என்றாள்.

நான் அதைப் பிரிண்ட் எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் போட்டியின் பரிசளிப்பு. லிங்கம் ஊருக்கு வந்திருக்கிறான் என்று தெரிந்து சிறப்பு விருந்தினராகப் போட்டுவிட்டார்கள். சோதனைக்காக வந்தது யாருக்கும் தெரியாது. போக வேண்டாம் என்று நான் சொன்னேன். "வாரேன்னு சொல்லிட்டேன் மாப்ளே" என்று கிளம்பினான். யுவராணி வந்தாள். மாமாவும் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார்.

ஆயிரம் பேருக்குக் குறையாத கூட்டம். சால்வை போட்டார்கள். பைனலைத் தொடங்கி வைக்க ஒரு ஓவர் போடச் சொன்னார்கள். லிங்கம் முதல் பந்தை வழக்கமாகப் போட்டான். ரெண்டாவதும் அப்படியே. மூன்றாவதை ஆட்டக்காரன் தூக்கி அடித்தான், பந்து வேலியைத் தாண்டியது. கூட்டம் சிரித்தது. ஒரு மூலையில் ஆரம்பித்து மைதானம் முழுதும் பரவியது அந்தச் சத்தம்.

"மாத்துப்பந்து! மாத்துப்பந்து! அண்ணே, அதப் போடுண்ணே!"

லிங்கம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு மேடைப் பக்கம் நடந்தான். அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கை வாங்கினான். அவன் மேடையில் பேசி நான் கேட்டதே இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். அந்தப் பந்த இனிமே நான் போட மாட்டேன். அது எறிபந்து. சென்னையில டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு. இன்னைக்குத்தான் ரிசல்ட் வந்துச்சு. தெரியாமத்தான் போட்டேன், ஆனா போட்டது நான்தான். முன்னாடி என்கிட்ட அந்தப் பந்துல அவுட் ஆன ஆளுக இங்க இருந்தா மன்னிச்சிக்கோங்க."

மைக்கில் கொர்ரென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.  கைதட்டுவதா, கத்துவதா என்று யாருக்கும் தெரியவில்லை. யுவராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவன் "அப்ப பிளெக்ஸக் கழத்துங்கலே" என்று கத்தினான். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

மாமா பின் வரிசையிலிருந்து எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வந்தார். மேடையைப் பார்த்து, "அவனுக்கு ஆறு பந்துல்லா? மூணுதான் போட்டுருக்கான். மிச்சத்தப் போடச் சொல்லுங்க" என்றார்.

லிங்கம் மிச்ச மூன்று பந்தையும் போட்டான், எல்லாம் வழக்கமான பந்து. கடைசிப் பந்தில் ஒரு பவுண்டரி போனது. மாமா கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு, ஓவர் முடியும்வரை நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அது சுருக்கமாகத்தான் நடந்தது. லிங்கம் திரும்பிப் போய் இன்னும் பதினொரு ஆட்டம் ஆடினான். ஏழு விக்கெட். மாத்துப்பந்து வராது என்று தெரிந்துவிட்டதால் எல்லோரும் முன்காலை நீட்டி நிம்மதியாக அடித்தார்கள். ஒரு ஓவரில் இருபத்திரண்டு ஓட்டம்கூடக் கொடுத்தான். மாமா அந்த ஆட்டங்களை என் கடைக்கு வந்து பார்த்தார். தேசிய கீதம் முடிந்த பிறகுதான் உள்ளே வருவார். கடைசி ஆட்டத்தில் எதிர் அணிக்கு ரெண்டு பந்தில் நாலு ஓட்டம் வேண்டியிருந்தது. கேப்டன் லிங்கத்தின் தோளில் கை போட்டு ஏதோ சொன்னான். லிங்கம் தலையை ஆட்டி மறுத்தது திரையில் தெளிவாகத் தெரிந்தது. என்ன கேட்டான் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான பந்தைப் போட்டான். அது சிக்ஸருக்குப் போனது. ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு அவனை அணியில் எடுக்கவில்லை. ஆறு மாதத்தில் அவனுடைய கம்பெனியும் அந்தக் குடோனை மூடியது. விசா ரத்தாகி ஊருக்கு வந்துவிட்டான்.

போன மாதம் என் கடைக்கு வந்தான். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் குடோன் பொறுப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பயோடேட்டா அடிக்க வேண்டும் என்றான். மில்லுக்குக் கிரிக்கெட் அணி இருக்கிறது, விளையாட்டுத் தகுதிக்குத் தனி மதிப்பு உண்டு. படிப்பு, அனுபவம் எல்லாம் அடித்துவிட்டு, 'சர்வதேசக் கிரிக்கெட், 28 ஆட்டங்கள், 31 விக்கெட்' என்று அடித்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், "அத அழி மாப்ளே" என்றான்.

"எத?"

"முப்பத்தொண்ண. பதினேழுன்னு போடு."

நான் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தேன்.

"பதினாலு அந்தப் பந்துல எடுத்தது. வீடியோ எல்லாத்தையும் போட்டு ஒவ்வொண்ணாப் பாத்தேன். ரெண்டு விக்கெட்டுக்கு வீடியோ இல்ல. அவுட் ஆன ஆளுகளுக்கே மெசேஜ் போட்டுக் கேட்டேன். ரெண்டும் மாத்துதான்னு சொன்னாங்க."

 "ஏலே, நெட்டுல முப்பத்தொண்ணுன்னுதான் இருக்கு. அந்த விக்கெட்ட யாரும் கழிக்கல. நீ பதினேழுன்னு போட்டா, பொய் சொல்லுதான்னுல்லா நெனைப்பாங்க?"

"கேட்டாச் சொல்லுதேன்" என்றான். "அடி மாப்ளே, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பதினேழு என்று அடித்தேன். ரெண்டு பிரதி எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தேன். மில்லில் கேட்டார்களாம், சொன்னானாம். வேலை கிடைத்துவிட்டது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு ஓவர் போடுகிறான்.